இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை: எதைத் தெரிவது, எவ்வளவு சிறிதாக்குவது?

ஏழு ஆண்டுகளுக்கு முன்னர், 162 சென்ரிமீற்றர் உயரமும் 104 கிலோ எடையுமாக இருந்த நான், கொழும்பிலுள்ள ஒரு தனியார் வைத்தியசாலையில், இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி அகற்றும் ஸ்லீவ் சத்திரசிகிச்சை செய்துகொண்டேன். அதை அறிந்த உறவினரும், வெள்ளவத்தையில் அக்கம்பக்கத்தில் இருப்பவர்களும், அவர்கள் மூலம் வந்த முன்பின் தெரியாதவர்களும் இன்றுவரை என்னிடம் கேட்பவை இரண்டே கேள்விகள். ஸ்லீவ் நல்லதா, இரைப்பையில் ஒரு சிறு பையைப் பிரித்துக் குடலோடு இணைக்கும் பைபாஸ் நல்லதா என்பது ஒன்று. இரைப்பையை எவ்வளவு சிறிதாக்கச் சொல்லலாம் என்பது மற்றது. இரண்டாவது கேள்வியை முதலாவதாகக் கேட்பவர்களே அதிகம். நானும் சத்திரசிகிச்சை நிபுணரின் முன் அமர்ந்தவுடன், "டொக்டர், இயலுமான அளவு சின்னதாக வெட்டிவிடுங்கள்" என்றுதான் ஆரம்பித்தேன். அந்த வாக்கியத்துக்கான விலையை ஒவ்வொரு காலையும் வெறும் வயிற்றில், அமிலத்தைக் குறைக்கும் ஓர் ஒமிப்ரசோல் குளிசையாக இன்றும் செலுத்தி வருகிறேன்.

நான் வைத்தியன் அல்லன். ஆனால் எனக்காக ஒரு தடவையும், தெஹிவளையில் இருக்கும் மச்சாளுக்காக இன்னொரு தடவையும் இந்த முடிவின் ஊடாகச் சென்றிருக்கிறேன். அவர் பைபாஸ் செய்துகொண்டவர். கீழே வருவது, அந்த இரண்டு அனுபவங்களையும் வெளியாகியுள்ள ஆய்வுகளையும் அருகருகே வைத்துப் பார்த்ததன் பயன்.

## முதலில் அளவுகோல்கள்

சத்திரசிகிச்சைக்குத் தகுதியானவரா என்பதை உடற்திணிவுச் சுட்டெண்ணே பெருமளவில் தீர்மானிக்கிறது. கிலோகிராமில் உள்ள எடையை மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அது கிடைக்கும். எனக்கு அப்போது 39.6. 1991 இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் விதித்த எல்லை 40 ஆகவும், நீரிழிவு போன்ற நோய்கள் சேர்ந்திருந்தால் 35 ஆகவும் இருந்தது. 2022 இல் இத்துறையின் அமெரிக்கச் சங்கமும் சர்வதேசக் கூட்டமைப்பும் இணைந்து அதைத் தளர்த்தின. வேறு நோய் இல்லாவிடினும் 35, வளர்சிதை நோய்கள் இருப்பின் 30 என்பதே புதிய பரிந்துரை. ஆசிய மக்களுக்கு 27.5 இலிருந்தே சத்திரசிகிச்சையை ஒரு தெரிவாக முன்வைக்கலாம் என்றும் அது கூறுகிறது. நமது உடல்வாகில் கொழுப்பு வயிற்றைச் சுற்றியே சேர்வதும், குறைந்த எடையிலேயே நீரிழிவு வந்துவிடுவதும் இதற்கான காரணங்கள்.

தகுதி இருக்கிறது என்றான பின்னர், தெரிவுகளை ஐந்து அளவுகோல்களால் உரசிப் பார்க்குமாறு சொல்வேன். முதலாவது, நெஞ்செரிவு உண்டா என்பது. படுத்தால் புளிப்பு நீர் தொண்டைக்கு வருகிறதா, குழாய் இறக்கி உள்ளே பார்க்கும் எண்டொஸ்கொப்பியில், இரைப்பையின் மேற்பகுதி நெஞ்சுக்குள் ஏறியிருக்கும் ஹையேட்டஸ் ஹேர்னியாவோ உணவுக்குழாய் அழற்சியோ காணப்பட்டதா? மற்ற எல்லாவற்றையும்விட இதற்கே நான் அதிக எடை கொடுப்பேன். இரண்டாவது நீரிழிவு: எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது, இன்சுலின் ஏற்றும் நிலையா? மூன்றாவது, எத்தனை கிலோ குறைய வேண்டும் என்பது. நான்காவது, வாழ்நாள் முழுவதும் விற்றமின் எடுத்து, ஆண்டுக்கொரு முறையாவது குருதிப் பரிசோதனை செய்து, கிளினிக் சென்று வர உங்களால் இயலுமா என்பது. ஐந்தாவது, உங்கள் வேறு பழக்கங்கள்: முழங்கால் நோவுக்கு டைக்குளோபெனாக் போடுகிறீர்களா, புகைக்கிறீர்களா, மது அருந்துகிறீர்களா, அடுத்த ஓரிரு ஆண்டுகளில் குழந்தை பெற எண்ணியிருக்கிறீர்களா?

விளம்பரங்களில் வரும் சதவீதங்களைப் பற்றியும் இங்கேயே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். "60 சதவீத எடை குறையும்" என்று எழுதப்பட்டிருந்தால், அது மேலதிக எடையின் 60 சதவீதமாகவே பெரும்பாலும் இருக்கும். என் உயரத்துக்குச் சுட்டெண் 25 என்பது ஏறத்தாழ 65.6 கிலோ. ஆகவே என் மேலதிக எடை 38 கிலோ. அதன் 60 சதவீதம் 23 கிலோ மட்டுமே. என் மைத்துனர் அத்தகைய ஒரு துண்டுப்பிரசுரத்தைப் பார்த்து 62 கிலோ குறையும் என்று கணக்குப் போட்டிருந்தார்.

## தெரிவு 1: கத்தி வைக்காமல் மருந்தோடு செல்வது

சில ஆண்டுகளுக்கு முன்னர்வரை இதை ஒரு தெரிவாகவே எவரும் மதிக்கவில்லை. செமாகுளுடைட், டிர்செபடைட் ஆகிய வாராந்த ஊசிகள் வந்தபின் நிலைமை மாறியிருக்கிறது. 2021 இல் வெளியான ஆய்வில் செமாகுளுடைட் 68 வாரங்களில் சராசரியாக உடல் எடையின் 15 சதவீதம் அளவைக் குறைத்தது. டிர்செபடைட்டின் உச்ச அளவு 72 வாரங்களில் ஏறத்தாழ 21 சதவீதத்தைக் குறைத்தது. என் 104 கிலோவில் அது முறையே 16 கிலோவும் 22 கிலோவும் ஆகும். பின்னைய எண், சத்திரசிகிச்சையின் வாசற்படி வரை வந்து நிற்கிறது.

மறைந்திருக்கும் செலவு, நிறுத்தும் நாளில் தெரியவரும். செமாகுளுடைட்டை நிறுத்தியவர்கள் ஓராண்டுக்குள் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றார்கள். எனவே ஊசியின் ஒரு மாத விலையைப் பார்க்காமல், அதை பத்தாண்டுகளால் பெருக்கிச் சத்திரசிகிச்சையின் விலையோடு ஒப்பிடுவதே நேர்மையான கணக்கு. இறக்குமதி மருந்து தட்டுப்பட்டால் என்ன நடக்கும் என்பதை 2022 ஐக் கண்ட கொழும்புவாசிகளுக்கு விளக்கத் தேவையில்லை. சுட்டெண் 27 முதல் 35 வரை இருந்து, நீரிழிவு புதிதாக ஆரம்பித்தவர்களும், மயக்க மருந்துக்கு இதயமோ நுரையீரலோ ஒத்துழைக்காதவர்களும், சத்திரசிகிச்சைக்கு மனம் ஒப்பாதவர்களும் முதலில் இதைத்தான் முயன்று பார்க்கவேண்டும் என்பது என் கருத்து.

இரைப்பைக்குள் பலூன் வைப்பதையும் இங்கேயே சேர்த்து முடித்துவிடலாம். வழமையான பலூனை ஆறு மாதங்களில் எடுத்துவிட வேண்டும். எடுத்தபின் எடை திரும்புவது பொதுவானது. இரைப்பையின் மேற்பகுதியில் பட்டி கட்டும் முறையோ, பட்டி நழுவியும் அரித்தும் மறுசத்திரசிகிச்சைகள் பெருகியதால் உலகெங்கும் கைவிடப்பட்டு வருகிறது.

## தெரிவு 2: ஸ்லீவ்

இரைப்பையின் வெளி வளைவுப் பக்கத்தில் 75 முதல் 80 சதவீதத்தை ஸ்டேப்ளரால் வெட்டி அகற்றி, சட்டைக் கையைப் போன்ற ஒரு குழாயை மட்டும் விட்டுவிடுவதே ஸ்லீவ். குடலில் கை வைப்பதில்லை. இரைப்பையின் கீழ்வாயில் அப்படியே இருக்கும். அகற்றப்படும் மேற்பகுதியில்தான் பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஹோர்மோன் பெருமளவு சுரக்கிறது என்பதால், கொள்ளளவு குறைவதோடு பசியும் குறைகிறது. முதல் ஆண்டில் எனக்குப் பசி என்ற உணர்வே மறந்துபோயிருந்தது. மதியம் இரண்டு மணிக்குக் கைத்தொலைபேசி அலாரம் அடித்துத்தான் சாப்பிட்டேன்.

சத்திரசிகிச்சைக்கு அடுத்த நாள் தாதி ஒருவர் மருந்து அளக்கும் சிறிய பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தார். 30 மில்லிலீற்றர். அதைப் பதினைந்து நிமிடங்களில் மிடறு மிடறாகக் குடிக்க வேண்டும் என்றார். கோடையில் ஒரு செவ்விளநீரை ஒரே மூச்சில் குடித்து வந்தவனுக்கு அந்தக் கிண்ணம் நிறைந்த தண்ணீர் ஒரு பெரிய வேலையாக இருந்தது. இரண்டு வாரம் நீராகாரம், அடுத்த இரண்டு வாரம் மசித்த உணவு, அதன்பின் மென்மையான உணவு என்று நகர்ந்து, மூன்றாம் மாதத்தில் ஒரு இடியப்பமும் இரண்டு மேசைக்கரண்டி சொதியும் ஒரு முட்டையும் முழு இரவுணவாகின.

ஸ்லீவின் பலம் அதன் எளிமை. இணைப்பு எதுவும் இல்லாததால் இணைப்பில் புண் வருவதோ, குடல் உள்ளே நழுவிச் சிக்குவதோ இல்லை. பின்னாளில் எண்டொஸ்கொப்பி செய்வதும் பித்தக்குழாயில் கல் இருந்தால் வாய்வழியாக எடுப்பதும் இயலும். போதாது என்று கண்டால் பைபாஸாக மாற்றவும் முடியும்.

அதன் பலவீனமும் அந்தக் குழாயிலேயே இருக்கிறது. மேலே உணவுக்குழாயின் வால்வும் கீழே இரைப்பையின் வாயிலும் இருக்க, நடுவில் ஓர் ஒடுங்கிய குழாயை வைத்தால் உள்ளமுக்கம் உயர்கிறது. அமுக்கம் உயர்ந்தால் அமிலம் மேலே போகிறது. பின்லாந்தில் இரண்டு முறைகளையும் குலுக்கல் அடிப்படையில் ஒப்பிட்ட ஆய்வின் பத்தாண்டு முடிவுகள் 2022 இல் வந்தபோது, எண்டொஸ்கொப்பியில் உணவுக்குழாய் அழற்சி ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதத்தினரிடமும் பைபாஸ் செய்தவர்களில் 7 சதவீதத்தினரிடமும் காணப்பட்டது. என் சத்திரசிகிச்சைக்கு முந்திய எண்டொஸ்கொப்பி அறிக்கையிலும் சிறிய ஹையேட்டஸ் ஹேர்னியா என்று எழுதப்பட்டிருந்தது. அதைப் பற்றி அங்கு எவரும் என்னிடம் பேசவில்லை. சொன்னால் நாளைத் தள்ளிப்போடுவார்களோ என்று பயந்து, இரவில் இரண்டு தலையணை வைத்துப் படுப்பதை நானும் சொல்லவில்லை. தவறு இரு பக்கமும் இருந்தது.

எடையைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் பல சுகாதார அமைப்புகளின் பதிவுகளைச் சேர்த்து 2018 இல் வெளியான பெரிய ஆய்வில், ஸ்லீவ் செய்தவர்கள் முதலாம் ஆண்டில் சராசரியாக மொத்த எடையின் 25 சதவீதத்தை இழந்திருந்தார்கள். ஐந்தாம் ஆண்டில் அது 19 சதவீதமாகக் குறைந்திருந்தது. நான் 76 கிலோ வரை இறங்கி, இப்போது 83 இல் நிற்கிறேன். சராசரி மனிதன் என்று என்னைச் சொல்லிக்கொள்ளலாம்.

## தெரிவு 3: பைபாஸ்

இதில் இரைப்பையின் மேல் நுனியில் ஏறத்தாழ 30 மில்லிலீற்றர் கொள்ளும் ஒரு சிறு பையைப் பிரித்து, சிறுகுடலின் ஒரு பகுதியை மேலே இழுத்து அதனோடு இணைக்கிறார்கள். மீதி இரைப்பை வெட்டி எடுக்கப்படுவதில்லை. உணவு காணாமல் உள்ளேயே இருந்து தன் சாற்றைக் கீழே அனுப்பிக்கொண்டிருக்கும். 30 மில்லிலீற்றர் என்றால் இரண்டு மேசைக்கரண்டி. ஸ்லீவைவிட மிகச் சிறிய பையாக இருந்தும் நெஞ்செரிவு குறைவதற்குக் காரணம், இந்தப் பையில் அமிலம் சுரக்கும் பகுதி மிகக் குறைவு என்பதும், கீழே தடுக்கும் வாயில் எதுவும் இல்லை என்பதுமே. சிறியது என்பதும் அமுக்கம் கூடியது என்பதும் ஒன்றல்ல என்பதை எனக்கு முதலில் புரியவைத்தது மச்சாளின் பைபாஸ்தான்.

மேற்சொன்ன அமெரிக்க ஆய்வில் பைபாஸ் முதலாம் ஆண்டில் 31 சதவீதத்தையும் ஐந்தாம் ஆண்டில் 25.5 சதவீதம் அளவையும் குறைத்திருந்தது. 104 கிலோ உள்ளவருக்கு ஐந்தாண்டு முடிவில் ஸ்லீவுக்கும் இதற்கும் உள்ள இடைவெளி ஏழு கிலோ. நீரிழிவிலும் பைபாஸ் சற்று முந்துகிறது. அமெரிக்காவில் நடந்து 2017 இல் ஐந்தாண்டு முடிவுகள் வெளியான ஆய்வில், குருதிச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியை 6 சதவீதமோ அதற்குக் கீழோ கொண்டுவந்தவர்கள் பைபாஸில் 29, ஸ்லீவில் 23, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதத்தினர். நீரிழிவு வந்து சில ஆண்டுகளே ஆனவர்களுக்கும் இன்சுலின் தொடங்காதவர்களுக்கும் பலன் அதிகம். இருபதாண்டு நீரிழிவு எதிலும் எளிதில் பணிவதில்லை.

பைபாஸ் கேட்கும் கட்டணங்கள் வேறு. இரும்பு, கல்சியம், விற்றமின் பி12, டி ஆகியவை உடலில் சேர்வது குறைந்துவிடுவதால், அவற்றை ஆயுள் முழுவதும் குளிசையாகவோ ஊசியாகவோ எடுக்க வேண்டும். இணைப்பில் புண் வரும் அபாயம் இருப்பதால் டைக்குளோபெனாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகளுக்கு நிரந்தரத் தடை, நோவென்றால் பனடோல்தான். புகைப்பவர் நிறுத்தாமல் பைபாஸ் செய்வது அந்தப் புண்ணை அழைத்து வைப்பதற்குச் சமம். மது விரைவாகக் குருதியில் ஏறும். மதுப் பழக்கச் சிக்கலுக்குள் புதிதாக விழுபவர்களும் உண்டு. பல ஆண்டுகள் கழித்துக்கூடக் குடல் உள்ளே நழுவிச் சிக்கலாம். அத்தகைய வயிற்று நோவை வாயு என்று நினைத்து இஞ்சித் தேநீர் குடித்துக்கொண்டு வீட்டில் இருப்பது உயிருக்கு ஆபத்தானது.

இனிப்பு உடலைத் தாக்கும் விதத்தை நேரில் பார்த்தேன். நோன்புப் பெருநாளன்று பக்கத்து வீட்டார் கொடுத்தனுப்பிய வட்டிலப்பத்தில் மச்சாள் அரைக் கிண்ணம் சாப்பிட்டார். இருபது நிமிடத்தில் நெற்றி வியர்த்து, நெஞ்சு படபடத்து, மின்விசிறிக்குக் கீழே தரையில் படுத்துவிட்டார். அரை மணித்தியாலத்தில் சரியாகிவிட்டது. "இதுவும் எனக்கு ஒரு காவற்காரன்தான்" என்று அவர் சொல்வார். இனிப்புப் பித்து உள்ளவர்களுக்கு அது உண்மையாகவே உதவக்கூடும்; ஆனால் அந்தக் காவற்காரன் எல்லோரிடமும் வேலைக்கு வருவதில்லை.

## தெரிவு 4: ஒற்றை இணைப்புப் பைபாஸ்

1997 இல் அமெரிக்காவில் தொடங்கிய இந்த முறையில், நீண்டதொரு இரைப்பைக் குழாயைக் குடலின் ஓர் இடத்தில் மட்டும் இணைக்கிறார்கள். வழமையான பைபாஸில் இரண்டு இணைப்புகள் வேண்டிய இடத்தில் ஒன்றே போதும் என்பதால் நேரம் குறைவு; எடைக் குறைப்பும் வழமையான பைபாஸுக்குக் குறைவில்லை. ஆனால் பித்தம் இரைப்பைக்குள் ஏறிவருவதற்கு இதில் இடமுண்டு. தாண்டிச் செல்லும் குடலின் நீளமும் பொதுவாக 150 முதல் 200 சென்ரிமீற்றர் வரை என்பதால் புரதக் குறைபாடும் போசணைக் குறைபாடும் எளிதில் வரும். 200 சென்ரிமீற்றர் நீளத்தைப் பயன்படுத்திய, 2019 இல் வெளியான பிரான்ஸ் ஆய்வு இதைத் தெளிவாகவே காட்டியது. மீன், இறைச்சி, முட்டை மூன்றையும் தொடாத சைவக் குடும்பங்களில் இருப்பவர்களுக்கு இதை நான் கடைசி இடத்தில்தான் வைப்பேன்.

## அருகருகே வைத்தால்

| அளவுகோல் | மருந்து | ஸ்லீவ் | பைபாஸ் | ஒற்றை இணைப்பு |
|---|---|---|---|---|
| ஏற்கெனவே நெஞ்செரிவு | எடை குறைந்தால் தணியலாம். குமட்டல் வரலாம் | கூடக்கூடும் | பெரும்பாலும் தணியும் | பித்தம் ஏறலாம் |
| நீரிழிவு | நல்ல கட்டுப்பாடு, எடுக்கும் வரை | நல்லது | சற்றுக் கூட நல்லது | நல்லது |
| ஐந்தாம் ஆண்டு எடைக் குறைப்பு | தொடர்ந்தால் மட்டும் | ஏறத்தாழ 19% | ஏறத்தாழ 25.5% | பைபாஸை ஒத்தது |
| விற்றமின் தேவை | குறைவு | வாழ்நாள் முழுவதும், மிதமாக | வாழ்நாள் முழுவதும், கண்டிப்பாக | மிகக் கண்டிப்பாக |
| நோவு மாத்திரை | வைத்தியர் சொற்படி | தவிர்ப்பது நல்லது | கூடவே கூடாது | கூடவே கூடாது |
| திரும்பப் பெற முடியுமா | நிறுத்தலாம் | இயலாது | அரிதாக, கடினமாக | அரிதாக, கடினமாக |

## எவ்வளவு சிறிதாக?

இப்போது அந்த இரண்டாவது கேள்வி. ஸ்லீவ் செய்யும்போது, வாய்வழியாக இரைப்பைக்குள் ஒரு குழாயை இறக்கி, அதையே அளவுகோலாக வைத்து அதன் ஓரமாக ஸ்டேப்ளர் ஓட்டுகிறார்கள். அந்தக் குழாயைப் பூஜி என்பார்கள். அதன் பருமன் பிரெஞ்சு அளவில் சொல்லப்படும்; மூன்றால் வகுத்தால் மில்லிமீற்றரில் விட்டம் வரும். 36 என்றால் 12 மில்லிமீற்றர், ஏறக்குறைய சுண்டுவிரல் பருமன். வழக்கில் இருப்பவை 32 முதல் 40 வரை.

சிறியதைக் கேட்டால் கூடுதலாக இளைப்போம் என்ற நம்பிக்கையை ஒரு சிறு கணக்கு போதும் கலைக்க. 20 சென்ரிமீற்றர் நீளமான குழாய் என்று வைத்துக்கொண்டால், 32 அளவில் அதன் கொள்ளளவு 18 மில்லிலீற்றர், 40 அளவில் 28. வித்தியாசம் பத்து மில்லிலீற்றர்; அதாவது இரண்டு தேக்கரண்டி. ஸ்டேப்ளர் பூஜியை ஒட்டி இறுக்கமாக ஓடாததால் உண்மையான ஸ்லீவ் இதைவிடப் பெரிதாகவே அமையும் என்பதையும், தசை மாதக்கணக்கில் நெகிழ்ந்து கொடுக்கும் என்பதையும் சேர்த்தால், அந்த இரண்டு தேக்கரண்டி வித்தியாசமும் நிரந்தரமில்லை.

ஆனால் அபாயத்தின் பக்கத்தில் வித்தியாசம் சிறியதல்ல. 2012 இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில் ஸ்டேப்ளர் வரிசையில் கசிவு ஏற்பட்டவர்கள் 40 அல்லது அதற்கு மேற்பட்ட பூஜியில் 0.6 சதவீதம், அதற்குக் குறைந்ததில் 2.8 சதவீதம். அடுத்த ஆண்டு ஏறத்தாழ 10,000 பேரின் தரவுகளைச் சேர்த்த இன்னொன்றும், பெரிய பூஜியில் கசிவு குறைவு என்றும், மூன்று ஆண்டுகள் வரை எடைக் குறைப்பில் வேறுபாடு இல்லை என்றும் கண்டது. மறுபக்கம், அதே 2012 இல் வெளியான நிபுணர் குழுவொன்றின் அறிக்கை 32 முதல் 36 வரையே உகந்தது என்றது. மிகப் பெரிதாக விட்டால் காலப்போக்கில் விரிந்துவிடும் என்ற கவலை அவர்களுக்கு. இரண்டையும் வைத்துப் பார்க்கும்போது, 36 முதல் 40 வரை பயன்படுத்தும் நிபுணரிடம் 32 கேட்டு நச்சரிப்பதில் ஒரு பயனும் இல்லை என்பதே என் முடிவு. கைபழகிய அளவில் அவர் செய்வது, உங்களுக்காகப் பழகாத அளவில் செய்வதைவிடப் பாதுகாப்பானது.

கசிவு பெரும்பாலும் மேல் நுனியில், உணவுக்குழாய் சேரும் இடத்துக்கு அருகே வரும். வீடு திரும்பியபின்பும் வரலாம். காய்ச்சல், நிமிடத்துக்கு 120 ஐத் தாண்டும் நாடித்துடிப்பு, இடது தோளில் நோவு ஆகியவை அதன் அறிகுறிகள். நடுவில் இரைப்பை வளையும் இடத்தில் ஒடுங்கிவிட்டால் தண்ணீர்கூட இறங்காது. தொடர் வாந்தி வந்தால் சில வாரங்களிலேயே தயமின் என்னும் விற்றமின் பி1 தீர்ந்து நரம்புகளைத் தாக்கும். எடை வேகமாகக் குறைகிறது என்று மகிழ்ந்திருக்கும் வேளையில் இதைக் கவனியாமல் விடுவது எளிது.

பூஜியின் எண்ணைவிட இரண்டு விடயங்களைக் கேட்டறிவது மேல். இரைப்பையின் மேற்குவிந்த பகுதியை முழுமையாக அகற்றுவார்களா? அங்கே ஒரு பை தங்கிவிட்டால் அது விரிந்து, எடையையும் நெஞ்செரிவையும் சேர்த்தே திருப்பிக் கொண்டுவரும். ஹையேட்டஸ் ஹேர்னியா இருந்தால் அதை அதே வேளையில் தைப்பார்களா? பைபாஸ் என்றால் பையின் அளவைப் பற்றி வாதிட அவசியமே இல்லை. கேட்க வேண்டியது தாண்டும் குடலின் நீளத்தை. சிறுகுடலின் மொத்த நீளம் ஆளுக்காள் பல மீற்றர் வேறுபடும் என்பதால், முழுவதையும் அளந்தபின் நீளத்தைத் தீர்மானிப்பவரா என்றும் கேட்கலாம்.

## பட்டியலில் வராத செலவுகள்

அரச வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை, காத்திருப்பு உண்டு. தனியார் வைத்தியசாலைகள் ஒரு மொத்தத் தொகை சொல்லும். அதில் ஸ்டேப்ளர் தோட்டாக்கள் எத்தனை அடங்கும் என்று எழுத்தில் கேளுங்கள். ஒரு ஸ்லீவுக்கே ஐந்து, ஆறு தேவைப்படும், விலையும் டொலரோடு ஏறும். எண்டொஸ்கொப்பி, ஸ்கேன், உறக்கப் பரிசோதனை, சத்திரசிகிச்சைக்கு முன்னர் ஈரலைச் சுருக்க இரண்டு வாரம் கரைத்துக் குடிக்கும் மா ஆகியவை பெரும்பாலும் வெளியே நிற்கும். உங்கள் காப்புறுதியில் உடற்பருமன் சிகிச்சை விலக்கப்பட்டிருக்கிறதா என்பதைச் சிறிய எழுத்தில் தேடிப் பார்க்க வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வருபவர்கள் இரண்டு வாரமாவது கொழும்பிலேயே தங்கும் செலவையும் சேர்க்க வேண்டும்; கசிவு என்றால் 300, 400 கிலோமீற்றர் தாண்டி வரும் நேரம் இருக்காது. சென்னைக்குச் சென்று செய்வதும் பலருக்குச் சிக்கனமாகத் தெரிகிறது. ஆனால் மூன்றாம் மாதம் வாந்தி நிற்காதபோது இங்குள்ள எந்த நிபுணர் உங்களைப் பொறுப்பெடுப்பார் என்பதை, விமானச் சீட்டு எடுக்கும் முன்னரே பேசி வைத்திருக்க வேண்டும்.

வேகமாக இளைக்கும்போது பித்தக்கல் உருவாகலாம். அதைத் தவிர்க்க ஆறு மாதம் மருந்து கொடுப்பார்கள். மூன்றாம் மாதத்தில் தலைமுடி கொத்தாக உதிரும், திரும்ப முளைக்கும். தோல் தொங்கும், அது தானாக உள்வாங்காது. பெண்கள் 12 முதல் 18 மாதம் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். பைபாஸுக்குப் பின் வாயால் எடுக்கும் கருத்தடை மாத்திரையை நம்பக்கூடாது.

எல்லாவற்றிலும் பெரிய தொடர்செலவு புரதம். நாளுக்கு 60 கிராமாவது வேண்டும். வெந்த பருப்பு 100 கிராமில் 9 கிராம் அளவே கிடைக்கும், முட்டையில் 6. பருப்பை மட்டும் நம்பும் சைவர் ஒருவர் அரைக் கோப்பை இரைப்பையை வைத்துக்கொண்டு 60 ஐ எட்டுவது எவ்வளவு கடினம் என்பதை, தட்டில் எடுத்து வைத்துப் பார்த்தால்தான் விளங்கும். நீரிழிவுக்கு மெட்ஃபோமின் எடுப்பவராகவும் இருந்தால் பி12 ஏற்கெனவே குறைந்திருக்கக்கூடும். முன்னரே பரிசோதிப்பது அவசியம். கந்தசஷ்டி ஆறு நாளும் உபவாசம் இருப்பவர்களும், றமழான் நோன்பு நோற்பவர்களும் முதலாண்டில் எப்படிச் சமாளிப்பது என்பதை வைத்தியரிடம் வெளிப்படையாகவே கேட்க வேண்டும். தண்ணீரை மிடறு மிடறாக மட்டுமே குடிக்க முடிந்தவர் பகல் முழுதும் விட்ட நீரை இரவில் ஈடுசெய்ய முடியாது.

## யாருக்கு எது

நெஞ்செரிவு இல்லாதவர், எண்டொஸ்கொப்பி சுத்தமாக இருப்பவர், மூட்டு நோவுக்கு மாத்திரை தவிர்க்க முடியாதவர், கிளினிக் ஒழுங்காக வருவோமா என்று தன்மீதே சந்தேகம் உள்ளவர்: இவர்களுக்கு ஸ்லீவ். இளவயதில், கர்ப்பத்தை எதிர்நோக்கியிருக்கும் பெண்களிலும் பலர் போசணையை எண்ணி ஸ்லீவையே தெரிவுசெய்கிறார்கள்.

நெஞ்செரிவு உள்ளவர், நீரிழிவே முதன்மைக் கவலையாக உள்ளவர், சுட்டெண் 45 ஐத் தாண்டியவர், புகைக்காதவர், குளிசையை மறக்காதவர்: பைபாஸ். உணவுக்குழாயில் கடுமையான அழற்சியோ, பாரட் எனப்படும் கல மாற்றமோ இருந்தால், ஸ்லீவ் என்ற சொல்லையே மேசையிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

எதைச் செய்தாலும், உயிராபத்து அனுபவமுள்ள நிலையங்களில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கிறது. பித்தப்பை அகற்றுவதோடு ஒப்பிடத்தக்கது. பயந்து பின்வாங்க அது காரணமாகாது.

வீடு திரும்பும்போது டயக்னோசிஸ் காட்டோடு, சத்திரசிகிச்சைக் குறிப்பின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். என் காட்டில் ஸ்லீவ் என்ற ஒரு சொல் மட்டுமே இருந்தது. நெஞ்செரிவுக்காக நான் சனல் செய்து பார்த்த இரண்டாவது நிபுணர் கேட்ட முதற்கேள்வி, "எத்தனை பிரெஞ்சு?" என்பது. எனக்குத் தெரியவில்லை. பழைய வைத்தியசாலையின் பதிவறைக்கு எழுதிக் கொடுத்து, மூன்று வாரம் அலைந்து பெற்ற பிரதியில், கறுப்பு மையில் கையால் 32 என்று எழுதப்பட்டிருந்தது. ஹேர்னியா தைத்ததாக எங்கும் குறிப்பில்லை. அடுத்த மாதம் மீண்டும் எண்டொஸ்கொப்பி. அழற்சி கூடியிருந்தால் பைபாஸாக மாற்றலாம் என்கிறார். அந்தப் பிரதியின் படம் இப்போது என் கைத்தொலைபேசியிலும் மனைவியின் கைத்தொலைபேசியிலும் இருக்கிறது.